ஃபூர்னேஸ் எரிமலையின் வாயுவையும் வெப்பத்தையும் கவனிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ரெயூனியன் தீவில் "வோல்கான் லா பேத்தே" (எரிமலை வெடித்துவிட்டது) என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் எல்லோர் கைபேசியிலும் சிவப்பு வெளிச்சப் படங்கள் வந்து குவிந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லாவா எவ்வளவு வருகிறது, கந்தகப் புகை எவ்வளவு, அது இன்றைக்கு யார் வீட்டுப் பக்கம் போகிறது, வெடிப்பு வலுக்கிறதா ஓய்கிறதா என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். புதுச்சேரியிலிருந்தோ மொரீசியஸிலிருந்தோ படிக்க, வேலை பார்க்க இங்கே வந்தவர்களும், சேன்-ஆந்த்ரே, சேன்-பியேர் பக்கம் பிறந்து வளர்ந்து இப்போது தமிழ் படித்துக்கொண்டிருக்கும் இளையவர்களும் அடிக்கடி கேட்கிற விஷயம் இது என்பதால், முதல் படியிலிருந்தே எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரும். எண்ணை எழுதுவதற்கு முன்னால் வானத்தை எழுதுங்கள். மேகம் எப்படி, காற்று எந்தப் பக்கம், பகலா இரவா என்று பக்கத்தில் குறிக்காத வாயுக் கணக்கும் வெப்பக் கணக்கும் பாதி எண்தான்.

முதலில் மலையை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. உயரம் 2632 மீட்டர். உச்சியில் தொலொமியூ என்கிற பெரிய பள்ளம், பக்கத்திலேயே சிறியதாக போரி. இந்த உச்சியைச் சுற்றி மூன்று பக்கமும் செங்குத்தான சுவர் போல நிற்கும் வட்டத்துக்குப் பெயர் ஆன்க்ளோ ஃபூக்கே. கிழக்குப் பக்கம் மட்டும் திறந்து, கிரான் ப்ரூலே சரிவாகக் கடல் வரை இறங்குகிறது. பெரும்பாலான வெடிப்புகள் இந்த ஆன்க்ளோவுக்கு உள்ளேதான் நடக்கின்றன, அதனால்தான் இவ்வளவு அடிக்கடி வெடித்தும் ஊர்கள் பிழைத்திருக்கின்றன. விதிவிலக்கும் உண்டு. 1977 ஏப்ரலில் பிளவு வெளியே திறந்து, லாவா பிட்டோன் சேந்த்-ரோஸ் கிராமத்துக்குள் இறங்கி, மாதா கோவில் வாசல் வரை வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் 1979-இல் ப்ளேன் தே காஃப்ர் பகுதியில் உள்ள பூர்-முராவில் எரிமலை ஆய்வகம் வந்தது. பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது.

உங்கள் முதல் வேலை: ஒரு வரைபடத்தில் தெற்கு 21.24 டிகிரி, கிழக்கு 55.71 டிகிரியைக் குறித்துவையுங்கள். இதுதான் உச்சி. பிறகு பா தெ பெல்கோம்ப், பிட்டோன் தெ பேர், பூர்-முரா, லெ த்ராம்ப்ளே, சேந்த்-ரோஸ் என்று சுற்றியுள்ள இடங்களையும் குறியுங்கள். செயற்கைக்கோள் காட்டும் சூடான புள்ளி எரிமலையா, வேறெங்கோ பிடித்த காட்டுத் தீயா என்று சந்தேகம் வரும்போது இந்த ஒரு தாள்தான் உதவும். மைதோ பக்கம் 2010-இலும் 2011-இலும் பெரிய காட்டுத்தீ வந்தது நினைவிருக்கலாம். செயற்கைக்கோளுக்கு அதுவும் வெப்பம், இதுவும் வெப்பம்.

ஆன்க்ளோவுக்குள் போவது பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். வெடிப்பு வரப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததுமே ப்ரெஃபெக்சுர் (தீவில் உள்ள பிரெஞ்சு அரசு நிர்வாகம்) பா தெ பெல்கோம்ப் வாயிலை மூடிவிடும். மூடியிருந்தால் போகக் கூடாது, அவ்வளவுதான். நான் இங்கே சொல்லப்போகும் எதற்கும் உள்ளே போகத் தேவையில்லை.

எந்த வாயு எப்போது வரும்

மாக்மாவில், அதாவது தரைக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறையில், வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, வாயுக்கள் பிரிகின்றன. ஆனால் எல்லாம் ஒரே ஆழத்தில் பிரிவதில்லை. கார்பன் டை ஆக்சைடு எளிதில் கரையாது, அதனால் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மாக்மாவை விட்டுப் பிரிந்து தனியாக மேலே கிளம்பிவிடும். சல்ஃபர் டை ஆக்சைடு பிடிவாதக்காரன், மாக்மா தரைக்குக் கிட்டே வந்த பிறகுதான் பெருமளவில் வெளிவரும். நீராவியும் பெரும்பாலும் மேலேதான்.

இதிலிருந்து மூன்று விஷயம் கிடைக்கிறது. ஆழத்தில் புதிய மாக்மா ஏறுகிறதா என்று பார்க்க கார்பன் டை ஆக்சைடு. லாவா இப்போது வெளியே வருகிறதா, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க சல்ஃபர் டை ஆக்சைடு. இரண்டின் விகிதம் மாறினால், வருகிற மாக்மா புதியதா பழையதா என்பதற்கு ஒரு தடயம். ஃபூர்னேஸ் ஓய்ந்திருக்கும் காலத்தில் உச்சியிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு மிகக் குறைவு, தூரத்துக் கருவிகளால் பிடிக்க முடியாத அளவு. எப்போதும் புகை விட்டுக்கொண்டே இருக்கும் எட்னா மாதிரி எரிமலைகளைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இது முதலில் குழப்பமாக இருக்கும். இங்கே பூஜ்யம் என்பது இயல்பான நிலை.

மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு

ஆய்வகம் மலையின் மேற்குப் பக்கம், உச்சியிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி ப்ளேன் தே காஃப்ர் பகுதியில் மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது. இவ்வளவு தூரத்தில் ஏன் என்று கேட்பீர்கள். ஆழத்தில் பிரிந்த வாயு, பிளவுகள் வழியாகப் பக்கவாட்டிலும் வருகிறது, உச்சிக்கு மாக்மா வந்து சேரும் முன்பே அது இங்கே தெரியக்கூடும்.

அளக்கும் முறை எளிது. கவிழ்த்த சட்டி போன்ற ஒரு மூடியை மண்ணில் அழுத்தி வைத்து, உள்ளே சேரும் வாயுவை அகச்சிவப்புக் கருவியால் விநாடிக்கு விநாடி பார்க்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வாயு மண்ணிலிருந்து வருகிறது. கல்லூரி வழியாக இதைச் செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் விளிம்பைக் கவனியுங்கள். ப்ளேன் தே காஃப்ரில் மாடு மேயும் புல்தரை, புல் கட்டை கட்டையாக நிற்கும், மூடியின் விளிம்புக்கு அடியில் விரல் நுழையும் அளவு சந்து இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து கோடு நேராக ஏறாமல் தள்ளாடும். விளிம்பைச் சுற்றி ஈர மண்ணை விரலால் அழுத்தி அடைத்துவிட்டு, அரை நிமிடம் விட்டு, பிறகு பதியத் தொடங்குங்கள். கருவிக்கு மேல் குனிந்து மூச்சு விடாதீர்கள், நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு நாலு சதவீதம் இருக்கிறது.

ஒரு கணக்கு: மூடியின் உள் உயரம் 20 சென்டிமீட்டர். இரண்டு நிமிடத்தில் அளவு 420-இலிருந்து 480 பி.பி.எம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஆனது. அதாவது விநாடிக்கு 0.5 பி.பி.எம். உயரத்தால் பெருக்கி, ஒரு நாளின் 86,400 விநாடியால் பெருக்கி, அந்த உயரத்தில் வாயுவின் அடர்த்தியாக ஒரு கன மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ வைத்தால், ஒரு சதுர மீட்டரிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 13 கிராம் வரும். பெரிய விஷயமா? இல்லை. புல்லின் வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்தே இவ்வளவு தந்துவிடும். அதனால்தான் ஒருநாள் அளந்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது, அதே இடத்தில் மாதக்கணக்கில் அளந்து, மழை, மண் ஈரம், காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றின் பாதிப்பையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பார்க்க வேண்டும். மழை என்றால் சும்மா இல்லை. 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வந்தபோது, எரிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கொமெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் 3929 மில்லிமீட்டர் மழை பெய்தது, அது உலக சாதனை. ஊறிப்போன மண்ணின் துளைகளில் தண்ணீர் நிற்கும்போது வாயு வெளியே வராது. அந்த வாரம் எண் இறங்கினால், அது மழையின் வேலை.

வாயு எங்கிருந்து வந்தது என்று பிரிக்க ஆய்வகங்கள் கார்பனின் ஐசோடோப் விகிதத்தையும் பார்க்கின்றன. செடிகொடியிலிருந்து வருவதில் கனமான கார்பன் குறைவு, மாக்மாவிலிருந்து வருவதில் சற்றுக் கூடுதல். இது நம்மால் வீட்டில் முடியாது, ஆனால் ஆய்வகத்தின் மாத அறிக்கையைப் படிக்கும்போது இந்தச் சொல் வந்தால் மிரள வேண்டாம்.

சல்ஃபர் டை ஆக்சைடு: கணக்குப் போட்டுப் பாருங்கள்

வெடிப்பு தொடங்கியதும் கவனம் முழுக்க இதன் மேல்தான். இதை அளக்கும் கருவியை டோவாஸ் என்பார்கள். சூரியனிலிருந்து வரும் புற ஊதா ஒளியில், 310 நானோமீட்டரையொட்டிய அலைநீளங்களைச் சல்ஃபர் டை ஆக்சைடு விழுங்கிக்கொள்ளும். கருவி வானத்தை ஓர் அடிவானத்திலிருந்து மறு அடிவானம் வரை வருடி, எங்கே எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்த்து, தலைக்கு மேல் போகும் புகைக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லும். ஆன்க்ளோவைச் சுற்றி இப்படி நிலையான கருவிகள் இருக்கின்றன, உலக எரிமலைகளில் இதே முறையில் அளக்கும் நோவாக் வலையமைப்பின் பகுதி அவை.

கணக்கு இப்படி. புகையின் அகலம் 1000 மீட்டர், அதற்குள் சராசரி வாயு 200 பி.பி.எம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பி.பி.எம் மீட்டர் என்பது புகையில் வாயுவின் அளவைப் புகையின் தடிமனால் பெருக்கியது; ஒரு பி.பி.எம் மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 2.66 மில்லிகிராம். ஆக 200-க்கு 532 மில்லிகிராம். ஆயிரம் மீட்டர் அகலத்துக்கு 0.53 கிலோ. இதைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். விநாடிக்கு 8 மீட்டர் என்றால் விநாடிக்கு 4.26 கிலோ, நாளுக்கு ஏறத்தாழ 368 டன்.

இப்போது காற்றின் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். 8-க்குப் பதில் 12 என்று போடுங்கள். 552 டன்! எரிமலை எதையும் மாற்றவில்லை, கருவி எதையும் மாற்றவில்லை, வானிலை மாதிரியிலிருந்து எடுத்த ஓர் எண் மாறியது, அவ்வளவுதான். "வாயு பாதிக்குப் பாதி கூடிவிட்டது" என்று யாராவது பகிர்ந்தால், அன்றைக்குக் காற்று என்ன என்று முதலில் கேளுங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கூடவே இன்னும் இரண்டு. புற ஊதா ஒளி வேண்டும் என்பதால் இரவில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை, காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது சரியாக வராது. அப்புறம், புகை கருவியின் தலைக்கு மேல் போனால்தான் அளக்க முடியும். இங்கே தாழ்வான உயரத்தில் தென்கிழக்கிலிருந்து அலிசே காற்று (வணிகக் காற்று) அடிக்கும், அதற்கு மேலே ஓர் உயரத்துக்குப் பிறகு காற்று எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடும். அதனால் ஒரே வெடிப்பின் புகை ஒருநாள் மேற்கே தீவுக்கு மேலும், மறுநாள் கிழக்கே கடலுக்கு மேலும் போகும். புகை கருவி இல்லாத பக்கம் போன நாளில் எண் இறங்கித்தான் தெரியும்.

வீட்டிலிருந்து பார்க்க ட்ரோபோமி இருக்கிறது, 2017 அக்டோபரில் அனுப்பிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள கருவி. நம் ஊருக்கு மேல் மதியம் ஒன்றரை வாக்கில் வரும், படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) 5.5க்கு 3.5 கிலோமீட்டர். கோப்பர்னிக்கஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் படத்தைப் பார்க்கலாம். ஆனால் அதில் புகையின் உயரத்தை 1, 7, 15 கிலோமீட்டர் என்று முன்கூட்டியே ஊகித்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். ஃபூர்னேஸின் புகை பெரும்பாலும் தாழ்வாகவே போகும், 7 கிலோமீட்டர் பதிப்பை எடுத்தால் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதை எண்ணோடு சேர்த்து எழுதிவைத்து, நாளுக்கு நாள் அதே பதிப்பையே ஒப்பிடுங்கள்.

உச்சியில் இருக்கும் பெட்டி

தொலொமியூ விளிம்பில் மல்டிகேஸ் என்கிற பெட்டி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஈரப்பதம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளக்கும். இதில் தனித்தனி எண்ணைப் பார்க்காதீர்கள், காற்று வீசும் திசைக்கு ஏற்ப அவை ஏறி இறங்கும். இரண்டு வாயுக்களின் விகிதம் மட்டும் காற்றுக்குக் கலங்காது, ஏனென்றால் இரண்டும் ஒன்றாகவே நீர்த்துப்போகின்றன. காற்றில் ஏற்கெனவே இருக்கும் 420 பி.பி.எம் சொச்சத்தைக் கழித்த பிறகு விகிதத்தை எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உணரி, சல்ஃபர் டை ஆக்சைடுக்கும் கொஞ்சம் ஆடும், அதையும் கழிப்பார்கள்.

வெப்பம்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஃபூர்னேஸின் லாவா வெளியே வரும்போது ஏறத்தாழ 1150 டிகிரி செல்சியஸ். வெளியே வந்த சில விநாடியிலேயே மேலே கறுப்புத் தோல் படியத் தொடங்கும். நம் கோவில்களில் பாஞ்சாலி அம்மன் திருவிழாவில் தீமிதிக் குழியைப் பார்த்திருப்பீர்களே, மேலே சாம்பல் பூத்து அமைதியாக இருக்கும், யாராவது கோலால் கிளறினால் உள்ளே செக்கச் செவேலென்று தெரியும். லாவாவும் அப்படித்தான். செயற்கைக்கோள் பார்ப்பது அந்தச் சாம்பலையும் கிளறிய இடத்தையும் சேர்த்து.

வெளியேறும் வெப்பம் வெப்பநிலையின் (செல்சியஸில் அல்ல, கெல்வினில்) நான்காம் மடிக்கு ஏற்ப உயரும். 300 டிகிரியில் இருக்கும் தோல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோவாட் வெளியிடும். 1100 டிகிரியில் திறந்த பிளவு ஏறத்தாழ 200 கிலோவாட். முப்பது மடங்குக்கும் மேல்! அதாவது பரந்து கிடக்கும் கறுப்பு லாவா வயலில் ஒரு சின்னப் பிளவு மொத்த எண்ணையே ஆட்டிவைக்கும். கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி "லாவா 400 டிகிரிதான்" என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அது ஒரு வட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். 12-க்கு 1 என்று எழுதியிருக்கும் கருவி, 12 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது, இடையில் நீராவி வந்தால் இன்னும் குறைத்துச் சொல்லும்.

செயற்கைக்கோள்களில் மூன்று வகையைப் பழகிக்கொள்ளுங்கள்.

மோடிஸ், வியர்ஸ்: செயற்கைக்கோள்களில் உள்ள கருவிகள், நாளுக்குச் சில முறை கடந்துபோகும். மோடிஸ் கட்டம் ஒரு கிலோமீட்டர், வியர்ஸ் 375 மீட்டர். நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தில் சூடான புள்ளிகளைப் பார்க்கலாம். தூரின் பல்கலைக்கழகம் நடத்தும் மிரோவா தளம் எரிமலைகளுக்கென்றே வரைபடம் போட்டுத் தருகிறது, ஃபூர்னேஸுக்கும் உண்டு. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது மிரோவாதான்.

மெட்டியோசாட்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை படம், ஆனால் கட்டம் 3 கிலோமீட்டர். கிளெர்மோன்-ஃபெரான் ஆய்வகத்தின் ஹாட்வோல்க் இதைப் பயன்படுத்துகிறது. வெடிப்பு எந்த நேரத்தில் தொடங்கியது, எப்போது உச்சம் தொட்டது என்று பார்க்க இதுவே சரி.

சென்டினல்-2: ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை வாக்கில், கட்டம் 20 மீட்டர். லாவா எந்த ஓடையில் இறங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்லது இலவசத்தில் இல்லை. 12, 11, 8ஏ என்கிற அலைநீளப் பட்டைகளைச் சேர்த்துப் பாருங்கள், சூடான இடம் மஞ்சளும் ஆரஞ்சுமாக எரியும். இதில் வெப்ப அளவைக் கணக்கிட முயலாதீர்கள், மிகச் சூடான கட்டங்களில் உணரி நிரம்பிவிடும், அதற்கு மேல் அதனால் அளக்க முடியாது.

மோடிஸ் எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள். சூடான கட்டத்திலிருந்து 4 மைக்ரான் அலைநீளத்தில் வரும் கதிர்வீச்சிலிருந்து பக்கத்துக் கட்டங்களின் கதிர்வீச்சைக் கழித்து, அதைக் கட்டத்தின் பரப்பால் பெருக்கி, 18.9-ஆல் பெருக்க வேண்டும். கட்டம் ஒரு சதுர கிலோமீட்டர், வித்தியாசம் 1 என்றால் 18.9 மெகாவாட். சூடான கட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம். இதில் 30 சதவீதம் வரை இப்படியோ அப்படியோ இருக்கலாம்.

அடுத்தது இதை லாவாவின் அளவாக மாற்றுவது. ஃபூர்னேஸ் போன்ற பசால்ட் எரிமலையில் ஒரு கன மீட்டர் லாவா ஏறத்தாழ 17 கோடி ஜூல் வெப்பத்தைக் கதிர்வீசுகிறது என்று வைத்துக்கொண்டு, மொத்த வெப்பத்தை அதனால் வகுக்க வேண்டும். 1000 மெகாவாட் என்றால் விநாடிக்கு 100 கோடி ஜூல். 100-ஐ 17-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 6 கன மீட்டர் லாவா. இங்கே பிழை இன்னும் பெரியது, பாதிக்குப் பாதி. ஆகவே "6" என்று எழுதாமல் "3 முதல் 9 வரை" என்று எழுதுங்கள். அகலமாக எழுதினால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம், படிப்பவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

எண் ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மேகம்தான் முதல் எதிரி. ஆன்க்ளோவில் காலை பத்து, பதினொரு மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிடுவது வழக்கம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கேட்கவே வேண்டாம். மேகம் மூடிய நாளில் வெப்பம் பூஜ்யம் என்று வரும், லாவா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரவுப் படங்களையே நம்புங்கள், வெயிலின் பிரதிபலிப்பும் இருக்காது. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்த படங்களில் ஒரு கட்டமே பல மடங்கு பெரிதாக நீண்டுவிடும், அவற்றை ஒதுக்கிவிடலாம். கடைசியாக, குகை. லாவா சில நாள் ஓடிய பிறகு மேலே கூரை போட்டுக்கொண்டு உள்ளே ஓடும். வெளியே தெரியும் வெப்பம் இறங்கும், வரத்து இறங்கியிருக்காது. வெப்பம் இறங்கியும் சல்ஃபர் டை ஆக்சைடு இறங்காமல் இருந்தால், குகையைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

வாயுவை நன்றாக அளக்க முடிவது பகலில், வெப்பத்தை நன்றாக அளக்க முடிவது இரவில். இரண்டும் ஒரே மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் பதிவேடு வேண்டும். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே வானம்: மேகம் எவ்வளவு, காற்று எந்தத் திசை, வேகம், மழை. கீழே இடப்பக்கம் பகலின் வாயு, எந்தத் தளம், எந்தப் பதிப்பு, எத்தனை மணி. வலப்பக்கம் இரவின் வெப்பம், எந்தச் செயற்கைக்கோள், சாய்வா நேரா. கடைசியில் ஆய்வகம் நில அதிர்வைப் பற்றி என்ன சொன்னது என்று ஒரு வரி. வெடிப்பு நடக்கும்போது பூமி இடைவிடாமல் நடுங்கும், அந்த நடுக்கம் மேகத்துக்கும் இருட்டுக்கும் அடங்காது, அதனால் உங்கள் இரண்டு எண்களுக்கும் அதுதான் சாட்சி. எண் கிடைக்காத நாளில் பூஜ்யம் போடாதீர்கள், "பார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் பாதி தேறிவிட்டீர்கள்.

பழகுவதற்கு 2015-ஐ எடுத்துப் போட்டுப் பாருங்கள். 2010 டிசம்பருக்குப் பிறகு மலை மூன்று வருடத்துக்கும் மேல் வெடிக்காமல் இருந்தது, 2014 ஜூனில் ஒருநாள்கூட நீடிக்காத ஒரு சின்ன வெடிப்பு. 2015-இல் மட்டும் பிப்ரவரி, மே, ஜூலை கடைசி, ஆகஸ்ட் 24 என்று நான்கு. வழக்கமாக இங்கே வெடிப்பு பலமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறைந்து நிற்கும். ஆகஸ்டில் தொடங்கியது அப்படிப் போகவில்லை, குறைந்த பிறகு மறுபடி ஏறி, அக்டோபர் வரை நீண்டது. வெப்பமும் வாயுவும் சேர்ந்து ஏறின. பழைய தேதிகளின் படங்கள் இன்னும் கிடைக்கின்றன, விடை தெரிந்த கணக்கில் பழகுவது நல்லது.

2007 ஏப்ரல் வேறு மாதிரி. பிளவு மலையின் கீழ்ப்பகுதியில், லெ த்ராம்ப்ளேவுக்கு மேலே திறந்தது, லாவா சாலையை அறுத்துக்கொண்டு கடலில் இறங்கியது, மேலே தொலொமியூவின் தரையே முந்நூறு மீட்டருக்கும் மேல் கீழே அமிழ்ந்தது. இத்தனை பெரிய வெடிப்பில் கட்டங்கள் நிரம்பி, புகையும் மேகமும் மறைத்து, செயற்கைக்கோள் எண்கள் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

வீட்டுக்குள் வரும் காற்று

சேந்த்-ரோஸில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வெடிப்பு என்றால் உடனே கூப்பிடுவார்: "தம்பி, இன்னைக்கு ஜன்னலை மூடணுமா வேணாமா?" அவருக்குத் தேவை அந்த ஒரு பதில்தான், உங்கள் பதிவேட்டிலிருந்து அதைச் சொல்ல முடிய வேண்டும். இதற்கு நாளுக்கு எத்தனை டன் என்கிற எண் உதவாது, தரையில் மூச்சு விடும் உயரத்தில் எவ்வளவு என்பதுதான் வேண்டும். அத்மோ ரெயூனியன் அமைப்பு அதை அளந்து வெளியிடுகிறது. சல்ஃபர் டை ஆக்சைடு ஒரு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராமைத் தாண்டினால் மக்களுக்குத் தகவல் சொல்வார்கள், தொடர்ந்து மூன்று மணி நேரம் 500-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. ஆஸ்துமா இருப்பவர்கள், குழந்தைகள், முதியவர்கள் முதல் அளவிலேயே வெளியே வேலையைக் குறைத்துக்கொண்டு, ஜன்னலை மூடி உள்ளே இருப்பது நல்லது. மூக்கை நம்ப வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது மிகக் குறைந்த அளவிலேயே நாறும், மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. துணி முகக்கவசம் இந்த வாயுக்களைத் தடுக்காது. களத்தில் வேலை செய்பவர்கள் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு மஞ்சள் பட்டை போட்ட ஈ வகை வடிகட்டி போடுவார்கள், அதுவும் கார்பன் டை ஆக்சைடைத் தடுக்காது, அது பள்ளங்களில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும். லாவா கடலில் இறங்கும் இடத்தில் எழும் வெள்ளைப் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, வெறும் நீராவி என்று நினைத்துப் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

எச்சரிக்கை நிலையை அறிவிப்பது ப்ரெஃபெக்சுர், ஆய்வகத்தின் தகவலை வைத்து. ஒற்றைச் சூடான கட்டத்தைப் படம் பிடித்து குடும்ப வாட்ஸாப் குழுவில் "வெடிச்சிடுச்சு" என்று போடுவதற்கு முன்னால் அந்த அறிவிப்பைப் பாருங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பா நடுராத்திரியில் பயந்து போன் போடுவார்கள்.

வெடிப்பு நின்ற பிறகு

நடுக்கம் அடங்கி, சல்ஃபர் டை ஆக்சைடு விழுந்து, வெடிப்பு முடிந்தது என்று அறிவித்த பிறகும் மிரோவாவில் புள்ளிகள் வந்துகொண்டிருக்கும். அது குவிந்து கிடக்கும் லாவா ஆறுவது, நாளுக்கு நாள் சீராக இறங்கிக்கொண்டே போகும், பெரிய ஓட்டம் என்றால் வாரக்கணக்கில். மழை பெய்த மறுநாள் அந்த வயலிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்போது மறுபடி வெடித்துவிட்டதா என்று கேட்பார்கள், அன்றைய வாயு எண்ணையும் ஆய்வகத்தின் நில அதிர்வுத் தகவலையும் காட்டிப் பதில் சொல்லலாம். சீராக இறங்கிய வெப்பம் திடீரென்று மேலே திரும்பினால் மட்டும் அன்றைய பக்கத்தில் அடிக்கோடு போட்டு, அடுத்த இரவுப் படத்துக்கும் ஆய்வக அறிக்கைக்கும் காத்திருங்கள். வெப்பப் பக்கம் முழுக்க வெறுமையான பிறகு நோட்டை மூடிவைக்காதீர்கள், ஆய்வகத்தின் மாத அறிக்கையில் ப்ளேன் தே காஃப்ர் மண் வாயுவைப் பற்றிய பத்தியை மட்டும் மாதம் ஒருமுறை குறித்துக்கொண்டே வாருங்கள், அதே மாதத்தின் மழை அளவோடு சேர்த்து.